பூப்படத்தின் கீழுள்ள இரண்டு சொற்கள்

அனுப்புநர்:
தையற்காரர்,
தண்ணீர்த் தொட்டித் தெருவின் கடைசி வீடு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பழந்தாவர ஓவியக் காட்சிக்கூடம்.

பொருள்: புதிய பூப்படத்தின் கீழுள்ள “நாற்றமடிக்கும் சாக்கடை” என்னும் சொற்களை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் குளியலறை வாய்க்கால் ஓரம் ஊதாப் பூச்செடி ஒன்று தானாக முளைத்தது. களை என்றே நினைத்திருந்தோம். சட்டை தைக்கக் கொடுக்க வந்த தங்கள் தாவர ஆய்வாளர் கை கழுவப் பின்பக்கம் போனவர், அதைக் கண்டு ஈரத்திலேயே உட்கார்ந்து கண் கலங்கினார். வழுக்கி விழுந்துவிட்டார் என்று என் மனைவி தைலம் எடுத்து ஓடினாள். தங்கள் கூடத்திலுள்ள பழைய ஓவியத்தில் மட்டுமே மிஞ்சியிருந்த பூவாம் அது.

2. மறுநாளே கயிறு கட்டிக் குளியலறையை மூடினார்கள். பழைய ஓவியத்தில் காய் இல்லையாம். காய்க்கும்வரை காத்திருந்து வரைய ஓவியர் அம்மா ஒருவர் வந்தார். சுவர்த் தகராறில் பேச்சு விட்டுப்போன என் தம்பி வீட்டுக்கு நாங்கள் துண்டும் கையுமாகப் போக நேர்ந்தது. தம்பி மனைவி முதலில் வாளியை மட்டும் நீட்டினாள். போகப்போக, “மாமா, வெந்நீர் போடட்டுமா?” என்று கேட்கலானாள்.

3. இதற்குள் செடி வாடியது. ஆய்வாளர் ஊற்றிய சுத்தமான நீர் அதற்குப் பிடிக்கவில்லை. எங்கள் குளியல் நீரைத்தான் தேடுகிறது என்று ஓவியர் அம்மா கண்டு சொன்னார். உடனே, குடும்பத்தார் வழக்கம்போல் அங்கேயே குளிக்க வேண்டும் என்று தங்கள் அலுவலக உத்தரவு வந்தது. காய்ச்சலிலும் குளித்தேன். செடி தலை தூக்கிக் காய்த்தது.

4. ஓவியத்தைத் திறந்து வைத்தபோது இரு குடும்பமும் வந்திருந்தோம். இலையின் மயிர்கூட விடாமல் வரைந்திருந்தார்கள். என் மனைவி வெகுநேரம் பார்த்துவிட்டு, “நம்ம வீட்டுச் செடியா இது?” என்றாள். பிறகு கீழே எழுதியிருந்ததைப் படித்தாள்: “வாழிடம்: நாற்றமடிக்கும் சாக்கடை.” பழைய ஓவியத்தின் கீழே “ஓடைக்கரை” என்று இருக்கிறது. பூ ஒன்றே, எங்களிடம் வந்ததும் இப்படியா? அவள் முகம் சுண்டிப்போனது.

அப்போது என் தம்பி மனைவி ஆய்வாளரிடம் சொன்னது: “எங்க அக்கா தினம் தேச்சுக் கழுவுற வாய்க்கால் சார் அது. நாத்தம் நீங்க எழுதினதுலதான் இருக்கு.”

இரு பெண்களும் கைகோத்து வெளியேறினார்கள். சுவர்த் தகராறுக்குப் பின் அப்படி நான் பார்த்ததில்லை.

ஆகவே அவ்விரு சொற்களையும் எடுத்துவிட்டு, “தினமும் தேய்த்துக் கழுவப்படும் வாய்க்காலோரம்” என எழுத ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எழுதும்வரை செடிக்குத் தண்ணீர் உண்டு, ஆய்வாளருக்குத் தேநீர் கிடையாது என்பது வீட்டு முடிவு.

இம்மனுவின் வாசகம் அவ்விரு பெண்களும் சொல்லச்சொல்ல எழுதியது. அலுவலகக் கோப்பில் வைக்கத் தகாதவற்றை மட்டும் நான் விட்டுவிட்டேன்.

இடம்: தையற்கடை
நாள்: திங்கட்கிழமை, தங்கள் கூடத்தின் விடுமுறை நாள்

இப்படிக்கு,
(ஒப்பம்) தையற்காரர்
(ஒப்பம்) அவர் மனைவி
(ஒப்பம்) தம்பி மனைவி