ஒலிபெருக்கியில் ஏறிய பட்டப்பெயர்

என் செல்ல மகளுக்கு, உன்னைப் பெறாமல் வளர்த்த சித்தப்பா, ஒலிபெருக்கிகளின் சக்கரவர்த்தி, எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் சித்தி என்னைத் திட்டுவது நாலு தெரு தள்ளிக் கேட்கிறது, ஆகவே அவளும் பூரண சுகம் என்று அறிக. எங்களிடம் விட்டுப்போயிருக்கும் உன் மகளுக்கு என்ன என்று போன வாரம் போனில் கேட்டாய், லேசான வயிற்றுவலி, சரியாகிவிட்டது என்றேன். அது பொய். உண்மையை எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவுக்கு நம் கடையிலிருந்துதான் மைக் செட் போனது. நான் தொண்டையைச் செருமினால் மேகம் விலகி வழிவிடும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஆறாம் வகுப்புப் பெண்கள் ஓட்டப் பந்தயத்துக்கு வந்து நின்றார்கள். நம் பெண்ணைப் பார்த்ததும் எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. மூன்றாவது கோட்டில் நிற்பவர் குறட்டை மகாராணி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவர் தூங்கினால் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி வளையும், பூகம்பம் என்று பக்கத்துத் தெருவே வெளியில் ஓடிவரும் என்று எட்டு ஸ்பீக்கரிலும் முழங்கினேன். எழுநூறு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. கடைசியாக ஓடி வந்தாள், அதற்கும் ஒரு வேடிக்கை சொன்னேன், என்ன சொன்னேன் என்று எழுதக் கை வரவில்லை.

மறுநாளிலிருந்து அவள் வகுப்புக்குள் நுழைந்தால் பின் வரிசையில் குறட்டைச் சத்தம். சாப்பிட உட்கார்ந்தால் எதிரே நாலு பேர் தலையைச் சாய்த்துத் தூங்குவது போல நடிப்பு. நோட்டுக்குள் தலையணைப் படம். முன்னின்று நடத்தியது வகுப்பு லீடர் பெண். அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் என் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். மூன்று வாரம் தினமும் நடந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. பெண் பகலில் கண் மூடுவதை நிறுத்திவிட்டாள், காலையானால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், டாக்டர் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். உன் சித்திதான் கண்டுபிடித்தாள். கேள்வியே கேட்காமல் நாலு நாள் அவளோடு உட்கார்ந்து துணி மடித்தாள், ஐந்தாம் நாள் அவளே வாயைத் திறந்து, நான் இனிமே அந்த ஸ்கூலுக்குப் போகவே மாட்டேன் என்றாளாம். நான் பெரிய மனுஷன் மாதிரி, சும்மா விளையாட்டுக்குத்தானே செய்யறாங்க கண்ணு என்றேன். விளையாட்டுன்னா எனக்கும் சிரிப்பு வரணும்ல தாத்தா என்றாள்.

அரை மணி நேரத்தில் எட்டு ஸ்பீக்கரையும் வண்டியில் ஏற்றி அந்த லீடர் வீட்டு வாசலில் போய்ப் போர் தொடுக்கிறேன் என்று கிளம்பினேன். நீங்க ஒரு தடவை மைக்கப் புடிச்சதே போதும், உக்காருங்க என்றாள் சித்தி. பெண்ணிடமே என்ன செய்யலாம் என்று கேட்டாள். ஒரு நாள் யோசித்துவிட்டு உன் மகள் சொன்னாள், டீச்சர்கிட்ட சொல்லுங்க, ஆனா கிளாஸ் முன்னாடி வேண்டாம், தாத்தா யாரோடயும் சண்டைக்குப் போகக் கூடாது. அப்புறம் என்னைப் பார்த்து, நீங்களும் அந்தப் பேரச் சொல்லாதீங்க, வீட்லயும் என்றாள். வீட்டில் சொன்னால் செல்லம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன் அம்மா.

பள்ளி விட்ட பிறகு போனேன். ஆறாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தேன். கண்டுக்காம இருக்கச் சொல்லுங்க என்று அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன், டீச்சர் அப்படிச் சொல்லவில்லை. என்றைக்கு, எங்கே, யார் செய்தது, யார் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது என்று எழுதிக்கொண்டார். கடைசியில், இந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சு என்று கேட்டார். பத்தாயிரம் பேர் முன்னால் பேசிய இந்த வாய்க்கு அந்த ஒரு பதிலுக்கு இரண்டு தம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது. நான்தாங்க வச்சேன் என்றேன். அந்தப் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார், பெற்றவர்களையும் வரவழைத்தார், இடம் மாற்றி உட்காரவைத்தார். எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடவில்லை, இன்னும் ஒன்றிரண்டு சத்தம் வருகிறது. ஆனால் கண்ணாடி போட்ட ஒரு பெண் இப்போது இவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். சத்தம் போடுகிறவர்களைத் திரும்பி ஒரு பார்வை பார்க்கிறாளாம். வயிற்றுவலி போய்விட்டது, நிஜமாகவே.

நேற்று ஓவியப் போட்டிக்குப் பரிசளிப்பு, திரும்பவும் நம் மைக் செட்தான். பெண்ணிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டேன். பேர மட்டும் படிங்க என்றாள். இனிஷியலோடு பேர், வகுப்பு, இரண்டாம் பரிசு, அவ்வளவுதான் படித்தேன். முப்பது வருஷத் தொழிலில் அதைவிடச் சின்ன அறிவிப்பு நான் செய்ததில்லை.

நீ போனில் பேசும்போது ஸ்கூல்ல யாராவது ஏதாவது சொன்னாங்களா என்று துருவாதே, அவள் சொல்லும்போது கேட்டுக்கொள். உனக்கும் அந்தப் பேரைச் சொல்லிச் சிரிக்கிற பழக்கம் உண்டு, விட்டுவிடு. வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் நூறாண்டு, இல்லை, முந்நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். முக்கியமாக ஒன்று, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவதென்றால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கூப்பிடு. இன்று மத்தியானம் சோறு தின்றுவிட்டுச் சோபாவில் படுத்த உன் மகள் தூங்கிவிட்டாள், இரண்டு மாதத்துக்குப் பிறகு. சத்தமும் வருகிறது. எவ்வளவு சத்தம் என்று எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா