சுருண்ட இலையின் அடிப்பக்கம்

அப்பா,

இன்று காலை சாப்பாட்டுப் பையை உதறியபோது காய்ந்த பருத்தி இலைத் துணுக்கு ஒன்று விழுந்தது. கிண்ணம்போல் மேல்நோக்கிச் சுருண்டு, அடியில் நரம்பெல்லாம் தடித்த இலையின் துணுக்கு. முழு இலை இப்போது சித்தப்பாவிடம் இருக்கிறது. அதைத்தான் உங்களிடம் சொல்லவேண்டும்.

நம் நிலத்தில் முதன்முதலாக இலை சுருண்டபோது நீங்கள் கலங்கவில்லை. "நோவுதான். அடுத்த வருஷம் நோவு தாங்கற விதையா போட்டா தீர்ந்துது" என்றீர்கள். அணைக்கட்டு ஊர் விதைக்கடைகளில் விசாரித்து விசாரித்து அந்த விதையை வாங்கிவந்தீர்கள். அதுவும் சுருண்டது. அன்று வரப்பில் உட்கார்ந்து முடிவு கட்டினீர்கள்: "தாங்கற விதையே சுருளுதுன்னா இது நோவே இல்ல. தண்ணி."

நம் பக்கத்தில் எது கருகினாலும் தோல் கழிவுத் தண்ணீரைத்தான் சொல்வோம். பல தடவை அது உண்மையும்கூட. உங்கள் கூடப்பிறந்த தம்பி ஓட்டுவதோ தோல் தொழிற்சாலையின் கழிவுநீர் லாரி. நம் கால்வாயை ஒட்டித்தான் அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். தெருவில் எல்லாரும் பார்க்க அவரை நிறுத்தினீர்கள்.

"டீசல் மிச்சம் பண்ண கால்வாயிலயே தொறந்து வுட்டுட்டுப் போற, இல்ல?"

"இன்னா அண்ணா பேசற? ஒரு சொட்டு வுட்டதில்ல." சித்தப்பா பக்கத்தில் நின்ற என் தலையில் கைவைத்தார். "பாப்பா மேல சத்தியம்."

அந்த வாரமே எனக்குக் காய்ச்சல் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தேன். "பொய் சத்தியம் பண்ணி புள்ளைய படுக்க வெச்சிட்டான்" என்றீர்கள். ஊரும் நம்பியது. நான் தேறினேன். பள்ளிக்கூடம் நின்றது. சித்தப்பா நம் வீட்டுக்கு வருவதும் நின்றது. நீங்கள் போன அன்று, வாய்க்கரிசி போட வந்தவரைப் பங்காளிகள் மறித்துவிட்டார்கள். காக்கிச் சட்டையோடு ரோட்டிலேயே நின்றிருந்தார்.

போன வாரம் விவசாயக் கல்லூரியிலிருந்து ஒரு அக்கா நோய் வந்த இலைகளைப் பறிக்க வந்தார். யாரிடமும் பேசாத நான் அவரிடம் கேட்டேன்.

"தண்ணியால இப்பிடி ஆவுமா அக்கா?"

"தண்ணி கெட்டா இலை ஓரம் கருகும். இப்படி நரம்பு தடிச்சு சுருண்டா வைரஸ்மா. வெள்ளை ஈ கொண்டுவருது."

"தாங்கற விதைதான் அப்பா போட்டாரு."

"அது பழைய வைரஸைத்தான் தாங்கும். வைரஸ் ஒண்ணோட ஒண்ணு கலந்து புதுசா மாறிட்டே இருக்கு." வரப்போரத்தைக் காட்டினார். "வெண்டையிலயும் களையிலயும்கூட சிலது தங்கும்."

வரப்போரம் வெண்டை போடுவது உங்கள் வழக்கம், எனக்குப் பிடிக்கும் என்று. அம்மா இன்னும் போடுகிறாள். நான் தலையைத் தூக்கவில்லை. உங்களை நினைத்து வெட்கமாக இருந்தது அப்பா. இறந்துபோன உங்களை அப்படி நினைத்ததற்கும் வெட்கமாக இருந்தது.

நேற்று ஷூ கம்பெனி வேலை முடிந்து, பையில் ஒரு இலையோடு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "ஒடம்பு நல்லா கீதுல்ல, பாப்பா?" என்றுதான்.

இலையை நீட்டினேன். "தண்ணி இல்ல சித்தப்பா. வைரஸாம்."

அவர் இலையைத் திருப்பி, தடித்த நரம்பைக் கட்டைவிரலால் தடவினார். "உனக்குக் காய்ச்சல் வந்தப்ப நானே பயந்துட்டேன். எங்கனா வால்வு சரியா மூடாம ஒழுகிச்சோ இன்னாவோன்னு. இப்பவும் வழியில எறங்கி எறங்கிப் பாத்துட்டுதான் போறேன்."

அவரை அவரே நம்பாதபடி செய்திருக்கிறோம் அப்பா.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாய் திறக்கவில்லை. கிளம்பும்போது அவர் கையைப் பிடித்து என் தலையில் வைத்துக்கொண்டேன். சுட்டதுபோல் கையை இழுத்தார். நான் விடவில்லை. மெல்ல அந்தக் கை என் தலைமேல் தானாகவே படிந்தது.

அதன் கனம் இன்னும் என் உச்சந்தலையில் இருக்கிறது.