நடுவில் கிடந்த நெய்மீன் துண்டு

கோட்டாறு,
திங்கள்கிழமை.

அன்பு மகள் ஷாஹினாஸுக்கு உன் உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம், புத்திதான் ஒருத்தருக்கும் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ. அங்கே நீயும் உன் வயிறும், முக்கியமாகப் புதன்கிழமை மத்தியானம் முடிகிற வரைக்கும் அந்த வயிறு, சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். போன் இருக்கும்போது எதுக்கும்மா கடுதாசி என்று கேட்பாய். போனில் நான் முக்கியமான இடத்துக்கு வந்து சேரும்போதுதான் உனக்கு மும்பையில் ரயில் வரும், சிக்னல் போகும், அப்புறம் கூப்பிடுதேன் உம்மா என்பாய், அந்த அப்புறம் வருவதற்குள் எனக்குச் சொல்ல வந்தது மறந்து வேறு நாலு விஷயம் ஓர்மை வந்துவிடும். காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினால் நீ எந்த ரயிலில் ஏறினாலும் நான் பேசிக்கொண்டேதான் இருப்பேன், உன்னால் வெட்ட முடியாது.

முதலில் நடந்தது என்ன என்பதை எனக்கு விளங்கிய மாதிரி சொல்கிறேன், நீ அழுதுகொண்டே சொன்னதில் பாதி மூக்கை உறிஞ்சுகிற சத்தத்தில் போய்விட்டது, தப்பிருந்தால் திருத்து. உன் பழைய கம்பெனி மும்பை ஆபீசை மூடின பிறகு நீ ஏறி இறங்கின கம்பெனிகளிலேயே பெரியது இதுதான், ஊர்க்காரர்களிடம் பணம் வாங்கிப் பங்குச் சந்தையில் போட்டுப் பெருக்கிக் கொடுக்கிற கம்பெனி. கேள்வி கேட்கிற ரவுண்டு எல்லாம் தாண்டிவிட்டாய், கடைசி ரவுண்டு மத்தியானச் சாப்பாடு என்றார்கள். சாப்பாடு போட்டு இண்டர்வியூ நடத்துவார்கள் என்று நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை, இண்டர்வியூ முடிந்தால் ஒரு சாயா கொடுத்து அனுப்புவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நீ பயந்தாய். அப்போது நான்தான், பெரிய அனுபவசாலி மாதிரி, மக்கா எதுக்குப் பயப்படுதா, நம்ம வீட்டுல தின்னுத மாதிரியே தின்னு என்று சொன்னேன். நீயும் அப்படியே தின்றுவிட்டு வந்திருக்கிறாய். மேசை நடுவில் ஒரு பெரிய தட்டில் வறுத்த நெய்மீன் வந்திருக்கிறது, எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று. அந்த நரைத்த தலைப் பெரிய அதிகாரி பங்குச் சந்தையைப் பற்றி என்னவோ கேட்டுக்கொண்டிருந்தபோது, நீ பதில் சொல்லிக்கொண்டே, இருந்ததில் நல்ல நடுத்துண்டாகப் பார்த்துக் கரண்டியால் தள்ளி அவர் தட்டில் வைத்துவிட்டாய். பிறந்ததிலிருந்து சகனில் நாலு பேரோடு ஒரே தட்டில் கை போட்டுத் தின்று வளர்ந்தவள், நல்ல துண்டை எதிரில் இருக்கிறவர் பக்கம் தள்ளாமல் உனக்குச் சோறு இறங்குமா? அதோடும் விட்டாயா, அவர் பைய பைய சாப்பிடுகிற மனுஷன், அவர் முடிக்கிற வரைக்கும் நீ கையை எடுக்காமல் காலித் தட்டில் ஒரு வெங்காயத்தை அங்குமிங்கும் உருட்டிக்கொண்டிருந்திருக்கிறாய், கடைசி ஆள் முடிக்குமுன் எழும்பக் கூடாது என்று நான்தானே அடித்து வளர்த்தேன். அவர் மீனைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், நல்லதை எப்பவும் அடுத்தவருக்குத்தான் கொடுப்பீங்களா என்று கேட்டார், நீ ஆமா சார் என்றாய், அவர் சிரித்தாரா முறைத்தாரா என்று உனக்கே தெரியவில்லை. பிறகு காப்பி வந்தது. பத்து நாள் பேச்சே இல்லை. இப்போது திடீரென்று, புதன்கிழமை மறுபடியும் சாப்பிட வா, முதலாளியம்மாவும் வருவார்கள் என்று மெயில். மீனால் கூப்பிட்டார்களா, மீனை மன்னித்துக் கூப்பிட்டார்களா என்று உனக்கும் விளங்கவில்லை, கையைக் கட்டிக்கிட்டு இருக்கணுமா உம்மா, இல்ல இருக்கிறபடி இருக்கணுமா என்று கேட்டாய். சரிதானே?

மீன் விஷயத்தை நீ சொன்ன அன்றைக்கே நான் வீட்டில் சொன்னதுதான் தாமதம். உன் வாப்பா உடனே, போச்சு என்றார். துட்டை வச்சுத் தொழில் பண்ணுதவன் நல்லதைத் தன் பக்கம் இழுக்கணும், இவ இருந்ததையும் தள்ளிவிட்டுட்டு வந்திருக்கா, எவன் வேலை குடுப்பான், இந்த வேலையும் இல்லைன்னா பெட்டியைக் கட்டிட்டு வரச்சொல்லு, பொண்ணு கேட்ட அந்த துபாய் மாப்பிள்ளை வீட்டுக்கு எத்தனை நாளைக்குப் பதில் சொல்லாம இருக்குதது என்றார். உன் ஷஹீர் மாமா விடுவானா. மச்சான், அடுத்தவன் துட்டைப் பாத்துக்கிடுத வேலை அது, நல்ல துண்டைத் தானே முழுங்குதவன்கிட்ட எவனாவது துட்டைக் குடுத்து வைப்பானா, இவ ஜெயிச்சுட்டா என்றான். இரண்டும் சரியாகத்தான் பட்டது, அதுதான் கஷ்டம். ஷஹீர் ஷார்ஜாவில் பெரிய ஹோட்டலில் இருந்தவன் என்பதால் கத்தி, முள்கரண்டி பிடிப்பதெல்லாம் அவன்தான் சொல்லித் தர வேண்டும் என்று எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். அவன் அங்கே லாண்டரியில் இருந்தான் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் எங்களுக்கு ஓர்மை வந்தது. மடியில் விரிக்கிற துண்டை அன்னப்பறவை மாதிரி மடிக்க அவனுக்குத் தெரியும், அந்தப் பறவையை விரித்தபிறகு செய்ய வேண்டியது ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டு ரீத்தா டீச்சர் மதில் மேல் கையை ஊன்றி நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மீனெல்லாம் கிடக்கட்டும் ஷாஜிதா, அது எச்சில் கரண்டியா, பரிமாறுத கரண்டியா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஒரே தட்டில் தின்கிற நமக்கு எச்சில் என்ற ஒன்று இருப்பதே எங்கே ஓர்மை. அந்தக் கரண்டி எது என்று எனக்குத் தனியாக எழுது, டீச்சர் தினமும் காலையில் கேட்கிறாள்.

சாப்பாட்டைப் பார்த்து ஆள் எடுப்பதை உன் வாப்பாவால் குறை சொல்லவும் முடியாது, அவரே அதைச் செய்தவர்தானே. நம்ம கடை வேலைக்கு அந்தப் பயல் சகாயத்தை எடுத்தபோது ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போய் பரோட்டா வாங்கிக் கொடுத்து, அவன் தின்ற வேகத்தைப் பார்த்து, கை வேகமான பயல் என்று அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். அந்த வேகம் பரோட்டாவோடு முடிந்துவிட்டது. இப்போது ஒரு கதவுக் கீல் கேட்டால் சகாயம் அதைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் கேட்டவர் அடுத்த கடையில் வாங்கி, வீட்டுக்குப் போய்க் கதவையும் மாட்டிவிடுகிறார். நம்ம இரும்புக் கடைக்கே இந்தக் கதி என்றால் அவ்வளவு பெரிய கம்பெனி இந்தப் பரீட்சையை ஏன் வைக்கிறது? அதுவும் எனக்கு விளங்கவில்லை.

சரி, நாமே ஒரு தடவை தள்ளாமல் தின்று பார்ப்போம், என்ன ஆகிறது என்று பார்த்து உனக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். இதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி, மேலே எழுதினதெல்லாம் தைரியம் வருவதற்காக எழுதினது. நேற்று தேங்காப்பட்டணத்தில் செய்யதலி பாத்திமா மாமியின் பேரனுக்குக் கல்யாணம். பெண்கள் பக்கம் சகன் வைத்தார்கள். என் சகனில் நான், பாத்திமா மாமி, பெண் வீட்டு ஆள் ஒருத்தி, நாலாவதாக வந்து உட்கார்ந்தது யார் என்று நினைக்கிறாய், அந்த துபாய் பையனின் உம்மா. எழும்பி வேறு சகனுக்குப் போனால் மரியாதையில்லை, உட்கார்ந்தேன். நெய்ச்சோறு, மேலே இறைச்சி. அவள் முதல் வேலையாக ஒரு நல்ல தொடைத் துண்டை என் பக்கம் தள்ளினாள். எப்போதும் நான் என்ன செய்வேன், ஐயோ மைனி நீங்க தின்னுங்கோ என்று திருப்பித் தள்ளுவேன், அவள் தள்ளுவாள், நான் தள்ளுவேன், கடைசியில் அது நடுவில் கிடந்து ஆறிப்போய்ப் பாதிப் பாதி ஆகும். நேற்று நான் தள்ளவில்லை. எடுத்துத் தின்றேன். முழுசையும். அவள் கண் விரிந்தது. இன்னொன்று தள்ளினாள், அதையும் தின்றேன். பாத்திமா மாமி சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே இருந்துவிட்டாள். ருசி என்றால் அப்படி ஒரு ருசி மக்கா, இத்தனை வருஷம் தள்ளிவிட்ட துண்டெல்லாம் கண் முன்னே வந்து போனது. கை கழுவிவிட்டு வெளியே வந்தால் நாலு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, சந்தோசம் ஷாஜிதா, எப்ப நிக்காஹ் என்று கேட்கிறார்கள். மாப்பிள்ளையின் உம்மா தள்ளின துண்டை மறுக்காமல் தின்றால் சம்மதம் என்று அர்த்தமாம், எந்த மார்க்கக் கிதாபில் இருக்கிறது என்று ஒருத்திக்கும் தெரியாது, ஆனால் அர்த்தம் மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஆண்கள் பக்கம் உன் வாப்பாவை இரண்டு பேர் கட்டிப்பிடித்துவிட்டார்கள்.

திரும்பி வரும்போது காரில் கருங்கல் ஊர் தாண்டுகிற வரைக்கும் அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். பிறகு, ஏட்டி, ஒனக்கு வீட்டுல சோறு போடாமலா வச்சிருக்கேன் என்றார். நான் நடந்ததைச் சொன்னேன், உனக்காகச் செய்த பரிசோதனை என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன், அவர், அங்க துண்டைத் தள்ளினவளை யாராவது பேசினாங்களா, தின்னவளைத்தானே ஊரே பேசுது, நம்மளும் பத்து நாளா தள்ளினதையே பேசிக்கிட்டிருக்கோம், அந்த நரைச்ச தலை ஆளு மீனைத் தின்னாரா இல்லியா என்று கேட்டார். ஓட்டிக்கொண்டிருந்த ஷஹீர் வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். மக்கா, இதை நம்மில் ஒருத்தர்கூட உன்னிடம் கேட்கவில்லையே. நீயும் சொல்லவில்லையே. தின்றாரா? தட்டோரம் ஒதுக்கி வைத்தாரா? முழுசும் தின்றாரா, மரியாதைக்கு ஒரு விள்ளல் எடுத்தாரா? அவர் பைய பைய சாப்பிட்டார் என்றாயே, அந்த மீனைத்தான் முள் பார்த்துப் பார்த்துத் தின்றுகொண்டிருந்தாரோ? தின்றிருந்தால் புதன்கிழமை நீ இருக்கிறபடியே இரு, கை போகிற இடத்துக்குப் போகட்டும், பரிமாறுகிற கரண்டியாக மட்டும் பார்த்து எடு. தொடாமல் வைத்திருந்தால் அவர்கள் தட்டு அவர்களுக்கு, உன் தட்டு உனக்கு. எதுவானாலும் முள் உள்ளதையும் சாறு தெறிக்கிறதையும் கேட்டு வாங்காதே, வாயில் சோறு இருக்கும்போது கேள்வி வந்தால் மென்று விழுங்கிவிட்டே பதில் சொல், காத்திருப்பார்கள். கடைசியில் சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று ஒரு கேள்வி வரும், உங்களுக்குத் தோணினதைக் கொடுங்கள் சார் என்று உன் வாயில் வரும், எனக்குத் தெரியும், நீ என் பிள்ளை. அந்த ஒரு துண்டை மட்டும் தள்ளாதே. நீ நினைத்திருக்கிற தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு.

தேங்காப்பட்டணத்து விஷயத்தை நினைத்துப் பயப்படாதே. இன்று காலையிலேயே அந்தம்மாவுக்குப் போன் போட்டு, மைனி, நான் பசியில தின்னேன், பிள்ளைகிட்ட இன்னும் கேக்கல என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள், சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை, இப்போது எதுவுமே விளங்குவதில்லை. இறைச்சியைத் தின்றது நான், அதற்காக நீ ஒருத்தனைக் கட்ட வேண்டியதில்லை, உன் வாப்பாவும் அதற்குத் தலையாட்டிவிட்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விடியக்காலைத் தொழுகை முடிந்து கையேந்தினேன், அல்லாஹ்விடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. வேலையைக் கொடு என்று கேட்டால் நீ அங்கேயே இருப்பாய். அதைக் கேட்காமல் எழும்பினால் நான் என்ன உம்மா? யோசித்துப் பார்த்ததில், வேலை கிடைத்தால் இந்த வீடே சந்தோஷப்படும், நான் மட்டும் அடுக்களையில் அரை மணி நேரம் அழுவேன். கிடைக்காவிட்டால் எல்லாரும் வருத்தப்படுவார்கள், நான் ஒரு அரை மணி நேரம் ரகசியமாகச் சந்தோஷப்படுவேன். இரண்டுக்கும் அரை மணிக்கு மேல் ஆகாது. அதனால் அதை நீ கணக்கில் எடுக்காதே. வேலையைக் கொடு என்றே கேட்டுவிட்டேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல நாவையும் ஹலாலான சம்பாத்தியத்தையும் தந்து, எந்த ஊரில் யாரோடு உட்கார்ந்தாலும் உன்னைத் தலை குனியாமல் எழும்ப வைப்பானாக, ஆமீன். புதன்கிழமை வெறும் வயிற்றோடு போகாதே, ரெண்டு தோசையாவது தின்றுவிட்டுப் போ, பசித்தவளுக்குச் சோறு தெரியும், எதிரில் இருக்கிற ஆளைத் தெரியாது. முடிந்ததும் முதலில் வாப்பாவைக் கூப்பிடு, அவர் கடையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு போனை மறந்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். மீனைப் பற்றி மட்டும் இன்றைக்கே ஒரு வரி போடு.

உன் உம்மா,
ப. ஷாஜிதா பேகம்.