நாற்பத்தொன்றாம் நம்பருடன் வந்தவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம் என்று வழக்கம்போல் ஆரம்பித்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்து இரண்டு நிமிடம் யோசித்தேன். நான் சௌக்கியம். அப்பா இப்போது சௌக்கியம். அந்த ‘இப்போது’ எதற்கு என்று பதறிப் போனைக் கையில் எடுக்காதே, முழுசாய்ப் படித்துவிட்டு எடு. இதையெல்லாம் உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், கடிதத்தைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

என் படிப்பு லட்சணத்திலிருந்து ஆரம்பித்தால்தான் உனக்கு விஷயம் புரியும். ஐம்பத்து மூன்று வயதில் சுகாதார மற்றும் மனிதநலச் சேவை மேலாண்மையில் முதுகலை படிக்கப் போகிறேன் என்று தம்பட்டம் அடித்தவள் நான்தான். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேருக்கு ஊசி போட்டுவிடலாம். பட்டம் உள்ளவர்களுக்குத்தான் இனி மேட்ரன், அதாவது தலைமை நர்ஸ் பதவி என்று எங்கள் ஆஸ்பத்திரியில் சொன்னதும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நர்ஸாக இருபத்தெட்டு வருஷம் வார்டைக் கட்டி மேய்த்தவளுக்கு மேலாண்மையைப் புத்தகமா சொல்லித்தரப் போகிறது என்ற திமிர் வேறு. போய்ப் பார்த்தால் வகுப்பில் எல்லோருக்கும் உன் வயசு. முதல் நாள் கதவருகே தலையை விரித்துப்போட்டு நின்ற ஒரு பெண்ணைப் பயிற்சி நர்ஸ் என்று நினைத்து, முடியை ஒழுங்காகக் கட்டும்மா என்று அதட்டினேன். அவள் மறுபேச்சில்லாமல் கட்டிக்கொண்டு நேரே மேடையேறிப் பாடத்தை ஆரம்பித்தாள். அவர்தான் எங்கள் பேராசிரியை. அன்றைக்கு அவர் சொன்ன முதல் விஷயம், நோயாளியின் காத்திருப்பு டோக்கன் வாங்கும்போது தொடங்குவதில்லை, உடம்புக்கு ஏதோ சரியில்லை என்று அவருக்கே தோன்றும்போது தொடங்குகிறது என்பது. கேட்க நன்றாக இருக்கிறது, வார்டுக்கு உதவாது என்று நினைத்துக்கொண்டு நோட்டில்கூட எழுதவில்லை.

இந்தப் பருவத்துக்கு ஒரு ஆய்வு கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியின் புறநோயாளிகள் பகுதியில் ஒரு காலை முழுதும் உட்கார்ந்து, டோக்கன் வாங்கியவர் டாக்டரைப் பார்க்க எவ்வளவு நேரமாகிறது என்று ஒவ்வொருவருக்கும் குறிக்க வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். பார்க்கலாம், எழுதலாம், யாருக்கும் உதவக் கூடாது. இது என்ன பிரமாதம் என்று லீவு போட்டுவிட்டு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே போய் உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் ஒரு பெரியவர் எக்ஸ்ரே அறையைத் தேடி மூன்றாவது முறையாகக் கழிப்பறைக்குள் போனார், பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா நீயே சொல். அவரைக் கொண்டுபோய் விட்டேன். திரும்பும் வழியில் சக்கர நாற்காலியைத் தள்ள ஆளில்லை, தள்ளினேன். மருந்து கவுன்டரில் அரட்டை அடித்தவர்களை இரண்டு வார்த்தை கேட்டேன். கடைசியில் சராசரி போட்டால் காத்திருப்பு வெறும் இருபத்திரண்டு நிமிடம்! எங்கள் ஆஸ்பத்திரியா இது என்று எனக்கே பெருமை தாங்கவில்லை. பேராசிரியை சிவப்பு மையில், இவை ஆஸ்பத்திரியின் எண்கள் அல்ல, உங்கள் எண்கள், உங்களை யாருக்கும் தெரியாத இடத்தில் மறுபடி செய்யுங்கள், இல்லையேல் ஒரு வருஷம் வீண் என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஃபெயிலானதை உன்னிடம் சொல்லவில்லை. படி படி என்று உன் உயிரை எடுத்தவள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்?

சரி, நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவானது. நான் உட்கார்ந்த இடத்தில் இருப்பேன் என்ற நம்பிக்கை எனக்கே இல்லாததால் அப்பாவைக் கூட்டிப் போனேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், நான்தான் உனக்கு இன்னைக்கு பிரேக் என்று சொல்லி, நான் எழுந்திருக்கும்போதெல்லாம் என் கைப்பையின் வாரைப் பிடித்து இழுத்தார். உள்ளே நுழையும்போதே வாசல் காவலர், டோக்கன் இல்லாதவங்க இங்க உக்காரக் கூடாது என்றுவிட்டார். அதனால் அப்பா சும்மா தன் பெயருக்கு ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டார். நம்பர் நாற்பத்தொன்று. கையில் கிடைத்ததை விடுவானேன் என்று அதையும் என் நோட்டில் ஒரு வரிசையாகச் சேர்த்தேன். இந்தத் தடவை நான் கல்லாகவே உட்கார்ந்திருந்தேன் பாப்பா. குழந்தைகள் அழுதன, மின்விசிறி கிறீச்சிட்டது, எதிரே ஒருவர் தூங்கித் தூங்கிப் பக்கத்து ஆளின் தோளில் விழுந்தார். எதற்கும் அசையவில்லை. இரண்டு மணி நாற்பது நிமிடம் கழித்து அப்பாவின் நம்பரைக் கூப்பிட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். போங்க, உள்ள எத்தனை நிமிஷம் பாக்குறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க என்று அனுப்பிவைத்தேன்.

பத்து நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று, வரவில்லை. எனக்குச் சந்தோஷம், எவ்வளவு பொறுமையான டாக்டர் என்று பாராட்டி எழுதினேன். முப்பத்தைந்தாவது நிமிடம் ஒரு நர்ஸ் வெளியே வந்து, நாற்பத்தொண்ணு கூட வந்தவங்க யாரு என்று கேட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி சத்தமாகக் கேட்டாள். நான் தலையை நிமிர்த்தாமல் குறிப்புப் பகுதியில் என்ன எழுதினேன் தெரியுமா? ‘உடன் வந்தவர் பொறுப்பற்றவர்’ என்று எழுதினேன். அழகாக, கோடு தாண்டாமல், அடிக்கோடு வேறு போட்டேன். அவள் மூன்றாவது முறை கேட்டபோதுதான் என் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பது கண்ணில் பட்டது.

அப்பாவுக்கு இரத்த அழுத்தம் இருநூறைத் தொட்டிருந்தது. மூன்று தடவை பார்த்து, இசிஜி எடுத்து, வீட்டுக்கு விட மாட்டோம் என்று படுக்க வைத்துவிட்டார்கள். பெஞ்சில் என்னோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மனுஷனை டிரிப் ஏறும் கோலத்தில் பார்த்ததும், எத்தனையோ பேரைத் தேற்றிய எனக்குக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எட்டு மாதமாகக் காலையில் எழுந்தால் தலை சுற்றுகிறது என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். வீட்டிலேயே நர்ஸ் இருக்காங்களே, சொல்லலையா என்று டாக்டர் கேட்டதற்கு, அவ படிச்சுக்கிட்டு இருக்கா, முடியட்டும்னு இருந்தேன் என்றாராம். எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நான் உன் அறையில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருக்கும்போது அப்பா வந்து கதவருகே நிற்பார். என்ன என்பேன் தலை தூக்காமல். ஒண்ணுமில்ல, சும்மாதான் என்பார். டீ வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டு, போடுறதா இருந்தா எனக்கும் சேர்த்துப் போடுங்க என்பேன். போட்டுக்கொண்டு வருவார், தலைசுற்றலோடு.

பயப்படாதே, இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டோம். மாத்திரை வேளை தவறாமல் போகிறது, உப்பைக் குறைத்துச் சமைக்கிறேன். சாப்பிடும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தால் வியாதியே தேவலை என்பதுபோல் இருக்கிறது. ஆய்வையும் கொடுத்துவிட்டேன். நாற்பத்தொன்றாம் வரிசையில் காத்திருந்த நேரம் இரண்டு மணி நாற்பது நிமிடம் என்றிருந்ததை அடித்து, எட்டு மாதம் என்று எழுதினேன். உடன் வந்தவரைப் பற்றிய குறிப்பை மட்டும் அடிக்கவில்லை. பேராசிரியை கூப்பிட்டு, இந்த ஒரு வரிசை மொத்தச் சராசரியையும் கெடுக்கிறது, நீக்கிவிடலாமா என்று கேட்டார். கெடட்டும் மேடம் என்றேன். அவர் அதை அப்படியே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. தேறிவிட்டேன், வகுப்பிலேயே கடைசியாக.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போன மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் நீ கூப்பிட்டாய். என்னம்மா பண்றே என்றாய், படிக்கிறேன்டி, சீக்கிரம் சொல்லு என்றேன். ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் கூப்பிட்டேன் என்று மூன்று தடவையும் வைத்துவிட்டாய். அப்பா பேச்சு அப்படியே உனக்கு வந்திருக்கிறது, எனக்குத்தான் காது வரவில்லை. என் நோட்டில் உனக்கும் ஒரு வரிசை போட்டு, வந்த நேரம் மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு என்று குறித்திருக்கிறேன். மற்ற கட்டங்கள் காலி. நல்லதோ கெட்டதோ, வேலையோ மனசோ, எதுவாக இருந்தாலும் சொல். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அப்பா வழி வியாதி என்பதால் நீயும் ஒரு தடவை இரத்த அழுத்தம் பார்த்துவிடு, மறக்காதே. நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இரு. இந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட வேண்டாம், நான் கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
நாற்பத்தொன்றாம் நம்பருடன் வந்த பொறுப்பற்றவள்,
உன் அம்மா