பத்து நொடிக்கு ஒரு ஹலோ

மாமு,

காலையில் பையைத் துழாவியபோது உன் நீலக் கன்சோல் கேபிள் கையில் சிக்கியது. உடைந்த கிளிப்பை வலை நூலால் நீ கட்டிய முடிச்சு அப்படியே இருக்கிறது. மெல்லிய கருவாட்டு வாசமும்.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் நான் சேர்ந்த மூன்றாம் மாதம். நாற்பத்தைந்து வயதில் தகுதிகாண் பருவம். வீட்டில் மட்டும் பெரிய அதிகாரி என்று சொல்லி வைத்திருந்தேன். அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே கணினி வழியாகக் கேட்டின் நெட்வொர்க் சுவிட்சுக்குள் நுழைந்தேன். 'நான் இருக்கிறேன்' என்று அது பக்கத்துச் சுவிட்சுக்கு அனுப்பும் ஹலோ பத்து நொடிக்கு ஒன்று எதற்கு என்று முப்பதாக மாற்றினேன். சரியான ஹலோ வராத நாற்பதாவது நொடியில் கேட் நெட்வொர்க்கிலிருந்தே காணாமல் போனது. நான் மறுபடி உள்ளே நுழையும் வழியும்தான். லாரிகள் ரோடு வரை நின்றன. எனக்கு வேலை போன மாதிரிதான்.

அன்று உனக்கு விடுப்பு. காத்திவாக்கத்திலிருந்து லுங்கியோடு பைக்கில் வந்து, இந்தக் கேபிளை நேராகக் கேட் சுவிட்சிலேயே செருகினாய்.

"இன்னா மாமு, இவன் முப்பதுன்றான், அவன் பத்துன்றான். ரெண்டு பக்கமும் ஒரே நம்பர் இல்லேன்னா பக்கத்து வூட்டுக்காரனாவே சேத்துக்க மாட்டான்!"

ஒவ்வொரு சுவிட்சும் தன்னை ஒட்டி இருப்பது யார் என்று மட்டும் சொல்லும். அது மாறாமல் எல்லாருக்கும் போகும். எல்லாரும் அதே வரைபடத்தை வைத்து அவரவர் குறுக்குவழியைக் கணக்கிடுவார்கள் என்றாய். எங்கள் ராயபுரம் தெருவிலும் சேதி இப்படித்தான் பரவும். என்ன, வழியில் மசாலா சேரும். பெரும்பாலும் நான்தான் சேர்ப்பேன்.

"யார் வேலை இது?" என்றார் மேலாளர். நான் கூரையைப் பார்த்தேன்.

"நான்தான் சார், வூட்லேர்ந்து மாத்திட்டேன்" என்றாய். திட்டும் வாங்கினாய். வெளியே வந்ததும், "இனிமே டெய்லி ஒம்போது மணிக்கு உனக்கு ஒரு ஹலோ. நீ எட்க்கலேன்னா, ஆள் அவுட்டுனு ஊருக்கே சொல்லிடுவேன்!"

சொன்னபடி தினமும் அழைத்தாய். வாரத்துக்கு ஒரு தடவை போதாதா என்று நான் சலித்துக்கொண்டதும் உண்டு. போன ஆடியில் ஒருநாள் அழைப்பு வரவில்லை. சுவிட்ச் நாற்பது நொடியில் புரிந்துகொள்வது எனக்குப் புரிய மத்தியானம் ஆனது.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன். "தெரியும்யா. சுவிட்ச்ல யார் நுழைஞ்சாங்கன்ற லாக்ல உன் பேருதான் இருந்துச்சு. உனக்காக ஒருத்தன் லுங்கியோட வந்து பொய் சொல்றானேன்னு விட்டுட்டேன்" என்றார்.

இப்போது ஒன்பது மணிக்கு நான் உன் வீட்டுக்கு அழைக்கிறேன். முதல் வாரம் உன் மனைவி எடுத்ததும் அழுதார். இன்று ஒரு நிமிடம் தாமதம், அவரே அழைத்துவிட்டார்.

"இன்னாண்ணா, கீறியா?"

கீறேன், மாமு.