வியாதி இல்லாமல் படுத்திருப்பது

பிப்ரவரி 11, செவ்வாய்

பல வருடங்களுக்கு முன் வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள்: "டீச்சர், அந்த நாற்காலி யாருக்கு?" என் நாற்காலிதான். நான் அதில் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. கறுப்புப் பெண் உட்கார்ந்தால் சோம்பேறி என்பார்கள் – அம்மா ஊட்டி வளர்த்த பயம்.

இன்று எங்கள் சபைப் பாஸ்டர் வெதர்பர்னிடம் சொல்லிவிட்டேன்: இந்த வருடம் அறுவடைத் திருவிழாவுக்குச் சமைக்கமாட்டேன், பாடகர் அங்கிகளைத் தேய்க்கமாட்டேன்.

"உடம்புக்கு என்ன, டீச்சர்?"

"ஒண்ணுமில்லை. வராந்தாக் கட்டில்ல படுத்திருக்கப் போறேன்."

பிப்ரவரி 13, வியாழன்

பாஸ்டர் மறுபடி வந்து கெஞ்சினார். "ஏதாவது ஒரு வியாதி சொல்லுங்க, டீச்சர். சின்னதா இருந்தாப் போதும். முட்டி வலி? சபைக்கு நான் என்னன்னு சொல்றது?"

எடுத்துக்காட்டுடன் விளக்கினேன். வாழை ஒரு குலை தள்ளினால், மறுநாளே இன்னொன்று கேட்கிறோமா?

"குலை தள்ளின வாழையை வெட்டிடுவோமே, டீச்சர்."

எடுத்துக்காட்டு சரியில்லை. வேறு யோசிக்க வேண்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

நான் சாகப்போகிறேனாம். ரொட்டிக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

பிப்ரவரி 15, சனி

காலையில் தச்சர் மாஸ் எகர்ட் அளவு நாடாவோடு வந்தார். சவப்பெட்டிக்கு.

"கொஞ்சம் காலை நீட்டுங்க, டீச்சர்."

நீட்டினேன். சுகமாக இருந்தது.

மதியத்துக்குள் முற்றத்தில் நீலத் தார்ப்பாய், டோமினோ மேசைகள், பொரித்த மீன், ரம். போர்ட் அன்டோனியோ நகரத்திலிருந்து ஒரு வண்டி நிறையச் சொந்தக்காரர்கள். எங்கள் பக்கம் ஆள் செத்த பிறகுதான் இப்படிக் கூடிப் பாடுவார்கள். எனக்கு முன்கூட்டியே. நாத்தனார் யூஃபீமியா என் காதுக்குள்ளேயே அழுதாள்: "உழைச்சே தேய்ஞ்சாளே, மகராசி!"

எழுந்து ஆடிக் காட்டட்டுமா? பாருங்க, நல்லாத்தான் இருக்கேன்னு? ஆடினால் அடுத்த நொடி கையில் கரண்டியைக் கொடுப்பார்கள். அதுல இருந்து தப்பிக்கச் சாகணுமா? சும்மா படுத்திருக்கிறதுக்குக்கூட நான் எதையாவது நிரூபிக்கணுமா – ஏன்?

எழுந்திருக்கவில்லை. பாட்டு நன்றாக இருந்தது. தூங்கிப்போனேன்.

அதைப் பார்த்துவிட்டு ஒரே அலறல். குறட்டைதான் என்னைக் காப்பாற்றியது.

பிப்ரவரி 16, ஞாயிறு

எங்கள் சபை சிஸ்டர் மெர்லீன் வந்தாள். எனக்குப் பதிலாகச் சமையலில் மாட்டிவிடப்பட்டவள். கண் வீங்கியிருந்தது.

"டீச்சர், நிஜமாவே சாகலையா?"

"இல்லம்மா."

"காரணமே இல்லாமலா படுத்திருக்கீங்க?"

"ஆமா."

தெருவை ஒருமுறை பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க."

பிப்ரவரி 19, புதன்

யூஃபீமியா தன் கட்டிலையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அழுத களைப்பாம். "களைப்புன்னு சொல்லாதே, படுக்கணும்னு தோணுச்சுன்னு சொல்லு" என்றாள் மெர்லீன். நல்ல மாணவி.

பிப்ரவரி 23, ஞாயிறு

திருவிழா. தேங்காய்ப்பால் பயறுச் சோற்றைப் பாஸ்டரே சமைத்தார். அங்கிகள் கசங்கியபடியே பாடின. எங்கள் மூவருக்கும் தட்டு வந்தது. கூடவே வாசலில் பாஸ்டரும், முகமெல்லாம் கரியோடு.

"எப்படி இருக்கு, டீச்சர்?"

"அடிப்பிடிச்சிருக்கு. உப்பும் பத்தலை."

எழுந்து போய்ச் சரிசெய்யக் கை பரபரத்தது. அந்தக் கையைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

"மீதிப் பேரெல்லாம் சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டாங்க, டீச்சர். ரெண்டாந்தரம்கூட வாங்கினாங்க."

இதை யாராவது படித்தால்: நாளை மதியம், வேலை பாக்கி இருக்கும்போதே படுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்பார்கள். காரணம் சொல்லாதீர்கள்.