பிரைடல் ஷவருக்கு எந்த விளையாட்டு, வளர்மதி அக்கா?

படத்துக்குள் இருபத்தேழு வயதிலேயே நின்றுவிட்ட என் அன்பு வளர்மதி அக்காவுக்கு,

நான் கஸ்தூரி. உன்னை நான் நேரில் பார்த்ததில்லை. நீ போன பிறகு உன் வீட்டுக்கு வாழ வந்தவள். உன் மகள் ரேவதியை அவளுடைய ஐந்து வயதிலிருந்து வளர்த்தவள். எனக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, முட்டி வலிக்கிறது. வயதில் உன்னை எப்போதோ தாண்டிவிட்டேன். இருந்தாலும் வாய் உன்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறது.

ரேவதிக்கு அடுத்த வாரம் கல்யாணம். பையன் வாலாஜாபாத் பக்கம், ஒரகடத்தில் அவள் வேலை பார்க்கும் அதே கம்பெனி. நல்ல மாதிரி. அதிர்ந்து பேசமாட்டான். இதையெல்லாம் உனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ரேவதியின் அப்பா சொல்லியிருப்பார். தினமும் காலையில் உன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கிறாரே, சும்மாவா நிற்கிறார்?

ஒன்று தெரியுமா அக்கா, இத்தனை வருடத்தில் அவர் ஒரு தடவைகூட என்னைத் தவறி உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மற்ற பெண்களாக இருந்தால் இதற்குச் சந்தோஷப்படுவார்கள். எனக்கு அந்த ஜாக்கிரதையைப் பார்த்தாலே எரியும். மனசில் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தால் வாய் தவறாமல் இருக்கும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ரேவதியின் தோழிகள் ஏதோ பிரைடல் ஷவர் வைக்க வேண்டும் என்றார்கள். நலங்கு மாதிரிதான், ஆனால் மஞ்சளுக்குப் பதில் கேக்கும் பலூனும். விளையாட்டு உண்டு. என்னென்ன விளையாட்டு என்று முடிவு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனித் தோழிகள் ஜெனிஃபரும் சுகன்யாவும் சாலவாக்கத்தில் பஸ் இறங்கி வந்தார்கள். அன்றைக்குப் பார்த்து திருமுக்கூடலிலிருந்து உன் அக்கா ராஜாத்தியும் வந்து உட்கார்ந்திருந்தார்.

நான் சமையலறையில் போண்டா போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் பேசுவது எல்லாம் காதில் விழுந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை படத்துக்கு மீசை ஒட்டுவது. டிஷ்யூ பேப்பரைச் சுற்றிக் கல்யாணச் சேலை கட்டுவது. இரண்டுக்கும் ஒரே சிரிப்பு. பிறகு சுகன்யா, "ரேவதி சின்ன புள்ளையில எப்டி இருந்தா? அத வெச்சி ஒரு கேம் வெக்கலாமே" என்றாள்.

உன் அக்காவுக்குக் கேட்க வேண்டுமா? "எங்க வளரு இவள இடுப்புல வெச்சிக்கினு ஏரிக்கரைக்கு வருவா பாரு..." என்று ஆரம்பித்தார். முதல் பல் எப்போது முளைத்தது, எந்தத் தாலாட்டுக்குத் தூங்கினாள், எல்லாம் சொன்னார். எல்லாமே ஐந்து வயதுக்கு முன்னால். அந்த விளையாட்டை அவரே நடத்த வேண்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

ஐந்து வயதுக்குப் பிறகு அவள் வளரவே இல்லையா அக்கா? பேன் பார்த்தது யார்? கணக்கில் கோட்டை விட்டபோது கையில் கரண்டியோடு துரத்தியது யார்? திட்டுகிற வேலையெல்லாம் எனக்கு வந்தது. கொஞ்சியதெல்லாம் உன்னோடு போனது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போதுதான் ஜெனிஃபர், "அம்மா பொண்ணு கேம் ஒண்ணு கீதுடி. அம்மா பதில முன்னாடியே நம்மகிட்ட சொல்லிடணும், பொண்ணு அத கரெக்டா சொல்லணும். ஆன்ட்டிய ஒக்கார வெச்சி ஆடலாம்" என்றாள்.

பிறகு ரேவதியின் குரல். "அது வேணாம்டி. வேற பாரு."

எண்ணெயில் கிடந்த போண்டா கருகும்வரை நான் அசையாமல் நின்றேன். தட்டில் போட்டுக் கொடுத்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு மூன்று நாள் அவளிடம் கேட்டதற்கு மட்டும் பதில். உன் படத்தைத் துடைக்கக்கூட இல்லை. கோபம் அவள் மேலா, உன் மேலா?

பலூனும் ஜிகினாத் தோரணமும் வாங்க ரேவதி என்னை உத்திரமேரூருக்கு அழைத்துப் போனாள். வாங்கிக்கொண்டு திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என்னால் அடக்க முடியவில்லை.

"அந்த அம்மா கேம ஏன் வேணாம்னு சொன்ன? பெத்தவ இல்லியே, இவளுக்கு இன்னா தெரியும்னுதான?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "சித்தி, அதுல பதில் சொல்லவேண்டியது நீ இல்ல, நானு."

"அதனால?"

"எங்கம்மாவ பத்தி ஊரே எனக்கு சொல்லிக்கீது. அரக்கு கலரு புடிக்கும், கனகாம்பரம் புடிக்கும், இடி இடிச்சா பயம். எல்லாம் தெரியும். உன்ன பத்தி யாரு சொன்னா? நீயும் வாயத் தொறந்து சொன்னதில்ல. எல்லார் முன்னாடியும் நான் முயிச்சிக்கினு நின்னா உனக்குத்தான அசிங்கம்? அதான் வேணாம்னேன்."

அவள் விடவில்லை. "இப்ப சொல்லு. உனக்கு இன்னா கலரு புடிக்கும்?"

"அரக்கு" என்றேன்.

"அது எங்கம்மாவுக்கு" என்றாள்.

சுள்ளென்றது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் எனக்கு அரக்குச் சேலைதான் எடுத்து வருவார். நானும் ஏன் என்று கேட்காமல் கட்டிக்கொண்டேன். யாருடைய ஆசையை இத்தனை நாள் உடுத்தியிருக்கிறேன் பார்த்தாயா? முன் சீட்டில் ஒரு பெண் கத்தரிப்பூ நிறத்தில் சேலை கட்டியிருந்தாள். அந்த நிறத்தைக் கடைகளில் தடவித் தடவிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், வேண்டும் என்று கேட்டதில்லை. விரலை நீட்டி, "அதோ, அது" என்றேன். ரேவதி எட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உருவவில்லை.

"ஜெனிஃபர்கிட்ட சொல்லு. அந்த கேம வெக்கட்டும்" என்றேன். "நீ தப்பா சொன்னாலும் பரவால்ல."

நேற்று சாயங்காலம் அந்த ஷவர் நடந்தது. கூடம் நிறையப் பெண்கள். மாப்பிள்ளைக்கு மீசை காதில் போய் ஒட்டிக்கொண்டது. உன் அக்கா தன் கேள்விகளைக் கேட்டார்; அவரைத் தவிர யாருக்கும் பதில் தெரியவில்லை, அவரே சொல்லிக்கொண்டார். பிறகு என்னை நாற்காலியில் உட்கார வைத்து ரேவதியை எதிரில் நிறுத்தினார்கள்.

"சித்திக்கு புடிச்ச சாப்பாடு?" என்று ஜெனிஃபர் கேட்டாள்.

"பழைய சோறு!" என்றாள் உன் மகள், அடித்துச் சொல்கிற மாதிரி.

"தப்பு! கடை பரோட்டா, சால்னா நெறைய ஊத்தி!" என்றேன் நான்.

வீடே சிரித்தது. "பின்ன தெனம் பழைய சோறு துன்றியே?" என்று அவள் கேட்க, "மீந்தத வேற யாரு துன்றது?" என்றேன். அவள் முகம் கொஞ்சம் மாறி, பிறகு அவளும் சிரித்தாள். படித்து என்னவாக ஆசைப்பட்டேன் என்று கேட்டார்கள். டீச்சர் என்றாள். பஸ் கண்டக்டர் என்று நான் சொன்னபோது ரேவதி அப்பாவுக்கே ஆச்சரியம். வாசலில் நின்றவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தப்பாகச் சொன்னாள். ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அவ்வளவு நேரம் அந்த வீட்டில் எல்லாரும் என்னைப் பற்றியே பேசினார்கள். யாரும் "வளரு இருந்தா" என்று சொல்லவில்லை. உன் அக்கா முகம் சுருங்கிப்போனது. எனக்கு அற்பத்தனமாக ஒரு சந்தோஷம். உன்னிடம் மறைப்பானேன்?

கடைசியாக, சித்திக்கு எது பயம் என்று கேட்டார்கள். "சித்திக்கு பயமே கெடையாது" என்றாள். நாய் என்று ஜெனிஃபரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அது பொய். நிஜமான பதில் நீதான் அக்கா.

இவ்வளவுக்குப் பிறகு பொறாமை தீர்ந்துவிட்டதா என்று கேட்பாய். இல்லை. இன்று காலையும் உன் படத்துக்கு முன்னால் ரேவதி நின்று எதையோ முணுமுணுத்தாள். என்னவென்று என்னிடம் சொல்லவில்லை. எனக்கு எரிந்தது. அம்மா என்ற சொல் உனக்கே இருக்கட்டும், நான் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த முணுமுணுப்பில் ஒரு வரி என்னைப் பற்றியும் இருந்ததா? நீயாவது சொல்லேன்.

ஒரு சத்தியம் செய்கிறேன், கேட்டுக்கொள். நாளை அவளுக்குப் பிள்ளை பிறக்கும். முதல் பிரசவத்துக்கு இந்த வீட்டுக்குத்தான் வருவாள். முதல் தண்ணீரை நான்தான் ஊற்றுவேன், காலில் போட்டுக் குளிப்பாட்டுவது நான்தான். அந்த நேரம் நீ கொஞ்சம் தள்ளி உட்கார். ஆனால் துண்டால் துடைத்துப் பார்க்கும்போது அந்தப் பிள்ளைக்கு உன் முகம் இருந்தால், வயிறு எரிந்தாலும் மறைக்கமாட்டேன். ஊரில் வேறு யாரும் சொல்வதற்கு முன்னால், நானே ரேவதியைக் கூப்பிட்டுச் சொல்வேன்.

உன் மகளுக்குச் சித்தி,
உனக்குத் தங்கை,
கஸ்தூரி